ரைம்ஸ் எல்லாம் அத்துப்படி, பேச்சுதான் வரவில்லை

மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு யூடியூப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய வந்தன. பல வருடம் யூகேஜி டீச்சராக இருந்து இப்போது டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு மூன்றரை வயது. யூடியூப் பார்த்தே கலர்கள், விலங்குகள், ஏ முதல் இசட் வரை எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள். ஆனால் யாராவது "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இது கூச்சமா, இல்லை கற்றுக்கொண்டதெல்லாம் வீணா?
*– ஒரு தாய்*

கூச்சமும் கொஞ்சம் இருக்கும். அது ஒருபக்கம் இருக்கட்டும், வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாலைந்து கலர் பந்துகளைத் தரையில் உருட்டிவிட்டு, "கிவ் மீ தி எல்லோ பால்" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு வாண்டு இப்படிக் கேட்டதும் இடுப்பில் கைவைத்து நின்று, "ரெட், எல்லோ, ப்ளூ, கிரீன்" என்று பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டுவோம் என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். பந்தைத் தொடவே இல்லை. எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம் வரும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மஞ்சள் பந்துக்கும் 'எல்லோ'வுக்கும் உள்ள உறவுதான் தெரியாது.

வீணா என்றால், இல்லை. ஆங்கில ஓசைக்குக் காதும் நாக்கும் பழகியிருக்கின்றன, அது லாபம்தான். ஆனால் பேச்சு வேறு விஷயம். அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இதை நான் டீச்சர் பாசத்தில் சொல்லவில்லை. 2003இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவோடு சீன மொழிக்காரர் நேரில் உட்கார்ந்து விளையாடினார், புத்தகம் படித்தார். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டி.வி.யில். பன்னிரண்டு அமர்வுகள் முடிந்து பார்த்தால், நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். டி.வி. பார்த்த குழந்தைகள் சீன மொழியையே கேட்காதவர்கள் நிலையில்தான் இருந்தார்கள்.

2010இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தரும் வீடியோ ஒன்றை நான்கு வாரம் போட்டுக் காட்டினார்கள். வீடியோ பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் ஒன்றும் கூடுதலாகக் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல், அதே சொற்களை அம்மா அப்பா அன்றாட வேலைகளுக்கு நடுவே சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வீடியோ எந்தப் பெற்றோருக்குப் பிடித்திருந்ததோ அவர்கள்தான் "என் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டான்" என்று நம்பினார்கள்.

உங்கள் மகளுக்கு வயது அதைவிடக் கூடுதல். மூன்று வயதுக்கு மேல் வீடியோவிலிருந்து கற்க முடியும், பக்கத்தில் நீங்கள் இருந்தால். பாட்டின் நடுவே நிறுத்துங்கள். "இந்த டாக் எங்கே போகுது?" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்தே கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். பெரும்பாலான பெற்றோர் இரண்டு நொடிகூடப் பொறுப்பதில்லை, தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வீடியோவை அங்கங்கே நிறுத்திக் கேள்வி கேட்கப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மூன்று வயதுக் குழந்தைகள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் கதையையும் அதில் வந்த சொற்களையும் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் போனை வைத்துவிட்டு, பாட்டில் வந்த ஒரே ஒரு சொல்லை வீட்டுக்குள் இழுத்து வாருங்கள். 'அப்', 'டவுன்' வந்த பாட்டா? அன்று குளிக்கும்போது மக்கை உயரத் தூக்கி "அப்... அப்... அப்..." என்று நிறுத்துங்கள். அவள் "டவுன்!" என்று கத்தினால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் நாள் கத்தமாட்டாள். பிறகு நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாள். அடுத்தது படிக்கட்டு, அதற்கடுத்து சட்டை ஜிப். ஒரு வாரத்துக்கு இரண்டு சொல் போதும்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று விருந்தாளி முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்பதை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பெயர் தெரிந்தவர்களே பெயரைக் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் குழப்பமாகத்தான் இருக்கும்.

என் ஆங்கிலம் சுமார்தான். நான் தப்பாகப் பேசி அதையே பையன் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு வீடியோவே மேல் என்று தோன்றுகிறது. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசு என்கிறார் என் அக்கா.
*– நான்கு வயதுப் பையனின் அம்மா*

அக்காவிடம் முதலில் சொல்லுங்கள்: தமிழை நிறுத்த வேண்டாம். நான்கு வயதுப் பையன் ஒரு நாளைக்கு எத்தனை 'ஏன்' கேட்பான்? மழை ஏன் வருது, நிலா ஏன் கூடவே வருது, தாத்தாவுக்கு ஏன் பல் இல்லை. இதற்கெல்லாம் உங்களால் தமிழில் வளைத்து வளைத்துப் பதில் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் "ஓகே, கம், கோ" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவீர்கள். பையனுக்கு ஆங்கிலமும் வராது, பேச்சும் குறைந்துபோகும். தமிழில் நன்றாகக் கதை கேட்டு, சண்டை போட்டு, காரணம் சொல்லிப் பழகிய குழந்தைக்கு ஆங்கிலத்தில் புதுச் சொல் கிடைக்கும்போது அதை மாட்டிவைக்க உள்ளே ஏற்கெனவே ஓர் ஆணி இருக்கும்.

இனி உங்கள் ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த வயதுக் குழந்தையோடு ஆங்கிலத்தில் விளையாட எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? "கம் ஹியர்", "சிட் டவுன்", "வேர் இஸ் யுவர் ஷூ?", "ஓபன் தி டோர்", "யுவர் டர்ன்", "மை டர்ன்", "ஆல் டன்". இந்த மாதிரி இருபது வாக்கியம் போதும். இவற்றைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்குத்தான் சமூக ஊடகம் மிக நல்ல இடம். பையனுக்கு அல்ல, உங்களுக்கு.

அவன் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, குழந்தைகளோடு பேசும் ஆங்கில வீடியோ ஒன்றைப் போடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்தி, அதையே நீங்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் உங்கள் குரலைப் பதிவு செய்து, வீடியோவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

நம் நாக்குக்கு இடறுகிற இடங்கள் சிலதான். 'வி' எழுத்துக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், 'டபிள்யூ'வுக்கு உதடு குவிய வேண்டும். 'வேன்', 'வாட்டர்' என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 'ஜூ', 'ஜீப்ரா' சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்தால் அதிர வேண்டும். வண்டு ரீங்காரம் மாதிரி வரும். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் 'இ' வந்து ஒட்டிக்கொண்டால் முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிவிட்டு அப்புறம் 'கூல்' சேருங்கள். இவ்வளவு போதும். மிச்சத்தைப் பையன் டீச்சரிடமும் நண்பர்களிடமும் கேட்டுச் சரி செய்துகொள்வான். தயங்காமல் பேசும் அம்மாவின் சுமாரான ஆங்கிலத்தை, கேள்வி கேட்டால் பதில் சொல்லாத வீடியோவின் சுத்தமான ஆங்கிலத்தைவிட உயரத்தில் வைப்பேன்.

கடைசி எழுத்து 'இசட்'டா, 'ஸீ'யா? பாட்டில் ஒன்று வருகிறது, பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் ஸீ, பிரிட்டனில் ஸெட். நம் 'இசட்' பிரிட்டிஷ் வழி. பாட்டில் ஸீ என்று பாடட்டும், எதுகை அதற்குத்தான் ஒத்துவரும். பள்ளியில் டீச்சர் சொல்வதைச் சொல்லட்டும். பெரியவர்கள்தான் இதற்குச் சண்டை போடுகிறோம்.

பேத்திக்கு இரண்டே கால் வயது, மகன் குடும்பத்தோடு வெளிநாட்டில். வாரத்தில் சில நாள் வீடியோ காலில் நான் அவளோடு ஆங்கிலமும் தமிழும் பேசுகிறேன். "அதுவும் ஸ்கிரீன்தானே அப்பா" என்று மருமகள் கவலைப்படுகிறாள்.
*– ஓய்வு பெற்ற ஒரு தாத்தா*

மருமகள் கவலைப்படுவதில் தப்பில்லை ஐயா. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு இது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. ஆனால் நீங்கள் செய்வது வேறு ரகம். அமெரிக்கக் குழந்தைமருத்துவர்களின் அகாடமி 2016இல் ஒன்றரை வயதுக்கு முன் திரையைத் தவிர்க்கச் சொன்னபோதே வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

காரணம் உண்டு. 2014இல் ஓர் ஆய்வில், உங்கள் பேத்தி வயதுக் குழந்தைகளுக்குப் புது வினைச்சொற்களை மூன்று விதமாகக் கற்றுக்கொடுத்தார்கள்: நேரில், வீடியோ காலில், பதிவு செய்த வீடியோவில். நேரில் கற்றவர்களும் வீடியோ காலில் கற்றவர்களும் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவு வீடியோ பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. குழந்தை சிரித்தால் சிரிப்பதும், அவள் காட்டும் பொம்மையைப் பார்த்து ஆச்சரியப்படுவதும் நீங்கள்தானே. பதிவு செய்த வீடியோவுக்கு அது தெரியாது.

"ஏ சொல்லு, பி சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துண்டுக்கு அடியில் ஒளித்து "வேர் ஆர் மை ஸ்பெக்ஸ்?" என்று தேடுங்கள். தலையில், பைக்குள், நாற்காலிக்கு அடியில் எல்லாம் தேடுங்கள், "நோ... நோ..." என்று முகத்தைத் தொங்கப்போடுங்கள். அவள் அங்கிருந்தே விரலை நீட்டிக் கத்துவாள். நெட் இழுக்கும்போது பதில் தாமதமாக வரும், அதனால் நீங்கள் கேட்டதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் அவள் எழுந்து ஓடிவிட்டால் கால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் ஆயிரக்கணக்கில் சேனல்கள். எதை நம்பிப் போட்டுக் கொடுப்பது? ரீல்ஸ், ஷார்ட்ஸிலும் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்களே?
*– ஒரு தந்தை*

ஷார்ட்ஸ், ரீல்ஸ் வேண்டாம். விரலால் தள்ளினால் அடுத்தது வரும் என்பதைத் தவிர அதில் குழந்தை வேறு எதையும் கற்காது.

சேனலுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். எந்தச் சொல்லைக் கற்றுத்தருகிறார்கள் என்று படத்தைப் பார்த்தே உங்களுக்குப் புரிகிறதா? 'ஜம்ப்' என்றால் யாராவது குதிக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் வானவில் சுழன்று, யானை பலூனில் பறந்து, எழுத்துகள் நடனமாடினால் குழந்தை யானையைத்தான் பார்க்கும். அப்புறம் சத்தத்தை வைத்து ஒருமுறை கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்ல இடைவெளி விடுகிறார்களா? எழுத்தின் ஒலி சொல்லித்தரும் வீடியோ என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: 'எம்' எழுத்துக்கு 'ம்ம்ம்' என்று சொன்னால் நல்ல சேனல். 'மா' என்று சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள். 'எம்-ஏ-டி' சேர்த்துப் படிக்கும்போது குழந்தைக்கு 'மேட்' வராது, 'மா-ஆ-டா' என்றுதான் வரும்.

வேகமும் முக்கியம். 2011இல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். காட்சிகள் படபடவென்று மாறும் கார்ட்டூனை ஒன்பதே நிமிடம் பார்த்தவர்கள், உடனே கொடுத்த கவனமும் பொறுமையும் தேவைப்பட்ட வேலைகளில், படம் வரைந்துகொண்டிருந்தவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். பெரியவர்களுக்கு 'போர்' அடிக்கிற வீடியோவாக இருந்தால் பெரும்பாலும் குழந்தைக்கு அது சரியான வேகம்.

யூடியூப் கிட்ஸ் செயலியைப் போட்டு, அதில் நீங்கள் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி செட்டிங்கை மாற்றுங்கள். அப்படிச் செய்தால் தேடும் வசதியும் இருக்காது. ஆட்டோபிளேயை அணையுங்கள், டைமர் வையுங்கள். நான்கு வயது வரைக்கும் 'ப்ரீஸ்கூல்' என்று தனிப் பிரிவும் இருக்கிறது, ஆனால் அதை நம்பி விட்டுவிடாமல் நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது. ஐந்து வீடியோ போதும். "அலுத்துப் போகாதா?" என்பீர்கள். அலுக்காது. 1996இல் தொடங்கிய ஓர் அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போட்டார்கள். நாளாக நாளாகக் குழந்தைகள் டி.வி.யோடு சேர்ந்து பதில் சொல்லத் தொடங்கினார்கள். இந்த வயதுக்குப் புதுசைவிடப் பழசுதான் பிடிக்கும்.

யூடியூபிலேயே பார்க்கவிட்டால் என்ன கற்பார்கள் என்று கேட்டால், என் மாணவன் ஒருவன் ஒவ்வொரு கதையையும் "ப்ளீஸ் லைக் அண்ட் சப்ஸ்கிரைப்" என்றுதான் முடிப்பான். அவன் முழுசாகச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அது. உச்சரிப்பு பிரமாதம்.

நான் மழலையர் பள்ளி டீச்சர். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஆங்கில ரைம்ஸ் லிங்க் அனுப்பி, குழந்தை பாடும் வீடியோவைத் திருப்பி அனுப்பச் சொல்கிறோம். பாதிப் பேர் அனுப்புவதில்லை. எப்படி ஊக்கப்படுத்துவது?
*– ஒரு ஆசிரியை*

அனுப்பாத பாதிப் பேர்தான் புத்திசாலிகள் என்று எனக்குத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவு எட்டு மணிக்கு, தூக்கம் சொக்கும் குழந்தையை நிற்கவைத்து நாலாவது டேக் எடுக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். குரூப்பில் ஒரு குழந்தை கணீரென்று பாடிய வீடியோ வந்ததும் அடுத்த வீட்டில், "பார், அவன் எப்படிப் பாடுகிறான்" என்று தொடங்குவார்கள். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் என்றாலே இந்த வசவுதான் நினைவுக்கு வரும்.

லிங்க்கை நிறுத்திவிட்டு உங்கள் குரலை அனுப்புங்கள். குழந்தைக்குத் தெரிந்த குரல் அது. அரை நிமிட வாய்ஸ் மெசேஜ், வாரத்துக்கு ஒன்று. பாதி பெற்றோருக்குத் தமிழில், பாதி குழந்தைக்கு ஆங்கிலத்தில். "இந்த வாரம் வகுப்பில் 'இன்', 'ஆன்', 'அண்டர்' விளையாடுகிறோம். வீட்டில் செருப்பைத் தேடும்போது 'இஸ் இட் அண்டர் தி சேர்?' என்று கேளுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, குழந்தையிடம் "பை, ஸீ யூ டுமாரோ" என்று முடித்துவிடலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கும் இது போய்ச் சேரும். பதில் அனுப்பச் சொல்லாதீர்கள். கேட்டார்களா என்று மறுநாள் வகுப்பில் தானே தெரிந்துவிடும்.

குரூப்பில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்துக்கொள்ளுங்கள், காலை வணக்கப் படங்களிலிருந்து நீங்களும் தப்பிக்கலாம். குழந்தைகளின் முகம் தெரியும் வீடியோவைப் பள்ளிப் பக்கத்தில் போடுவதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றவர்களின் குழந்தையை ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் படம் எடுக்காதீர்கள். கையை மட்டும் எடுக்கலாம், வரைந்ததை எடுக்கலாம்.

என் மகள் அழகாக ஆங்கிலம் பேசுவாள், நாலரை வயது. அவள் பேரில் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி, தினம் ஓர் ஆங்கிலச் சொல் சொல்லித்தரலாம் என்று இருக்கிறோம். மற்ற குழந்தைகளுக்கும் பயன்படுமே?
*– ஒரு பெற்றோர்*

இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆக வேண்டும். குழந்தை பேரில் பக்கம் வைத்தால் பெற்றோர்தான் நடத்துகிறார்கள் என்று முகப்பிலேயே எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. விதி கிடக்கட்டும். 'தினம் ஒரு சொல்' என்று சொல்லிவிட்டால், அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் ஒரு சொல் வேண்டும். பார்த்தவர் எண்ணிக்கை குறைந்தால் வீட்டில் முகம் மாறும், அதைக் குழந்தை உங்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், தினமும் போகும் பாதை எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போய்விடும். நான் வேண்டாம் என்பேன்.

வீடியோ எடுங்கள், ஆனால் உங்கள் போனிலேயே இருக்கட்டும். குழந்தைகளுக்குத் தங்கள் வீடியோவைப் பார்ப்பதில் இருக்கும் ஆசைக்கு ஈடே இல்லை. அவள் சைக்கிள் ஓட்டுவதை, நாய்க்குட்டியைத் துரத்துவதை, மணலில் விழுவதை எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடவிட்டு, "வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?" என்று கேளுங்கள். "ஐ ஆம் ரன்னிங்" என்பாள், அல்லது "ரன்னிங் ரன்னிங் அப்புறம் டமால்" என்பாள். "யெஸ், யூ ஃபெல் டவுன்!" என்று நீங்கள் முழுசாகச் சொல்லிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். "தப்பு, இப்படிச் சொல்லு" என்று மட்டும் குறுக்கிடாதீர்கள். அடுத்த வாரம் அதே வீடியோவை அவளே கேட்பாள், 'ஃபெல் டவுன்' வருகிறதா என்று அப்போது பாருங்கள்.